குத்துமதிப்பாகச் சொல்லாதவர்

"பயப்படாதீங்க, ஒண்ணும் இருக்காது" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் படம் எடுக்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்கப் பயந்துபோன மனிதர்களே வந்துபோகும் இடம் அது. வாசலைப் பெருக்குகிற ஆயாகூட அந்த வார்த்தையை வாரி வழங்குவார். இவர் வாயிலிருந்து மட்டும் வராது.

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்கவும் இப்போது வழியில்லை. இதெல்லாம் நடந்து ஆறேழு வருஷத்துக்குப் பிறகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். உறுதியாகத் தெரியாததை இப்படிச் சொல்லுகிறேன் என்று தெரிந்தால் அவரே என்னைக் கடிந்துகொள்வார்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு போலகத்தில். கணவர் நெல் விவசாயம். நான் காரைக்காலில் பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற அலுவலகத்தில் எழுத்தர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெரியவர்கள் வந்தால் இன்னமும் அந்த இடத்தை "எத்தா சிவீல்" என்றுதான் கேட்பார்கள். ஊரில் யார் பிறந்தாலும் யார் போனாலும் என் கையெழுத்தில் ஒரு வரி உண்டு. வலது மார்பில் கட்டி என்று தெரிந்த வாரத்தில், இறப்புப் பக்கத்தைத் திறக்கவே கை வரவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிட்டுப் பிறப்புகளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊசியால் சதையெடுத்துச் சோதித்துப் புற்று என்று உறுதியானது. புதுச்சேரி டாக்டரம்மா, முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவோம், சுருங்கினால் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றலாம் என்றார். மருந்துக்கு முன்னால் அளவு தெரிய வேண்டும் என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை, கொண்டையைத் துணிப்பட்டையால் கட்டியிருந்தார். உள்ளே இருப்பது பெரிய காந்தம், இரும்பு ஆகாது.

"வலிக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"ஊசி போடறப்ப வலிக்கும். அப்புறம் குப்புறப் படுக்கணும், ரெண்டு பக்கமும் மார்பு உள்ள இறங்கற மாதிரி பலகையில பள்ளம் இருக்கும். கொஞ்ச நேரத்துல நெஞ்செலும்பு அழுத்தி வலிக்கும். சத்தம் ரொம்ப இருக்கும். ஆனா அசையக்கூடாது."

மறைக்காமல் அத்தனையும் சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோது இன்னும் மோசமானது. கையை எடுக்காமல் நின்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"இதக் கட்டிக்கிட்டு அதக் கழட்டுங்க. நூலக் காந்தம் ஒண்ணும் பண்ணாது."

சங்கிலியைத் துணியில் முடிந்து, வெளியே நின்ற என் கணவர் கையில் கொடுத்து, "பிரிச்சுப் பாத்து வாங்கிக்குங்க சார்" என்றார். அந்த இழுப்பறையில் மஞ்சள் கயிறு ஒரு கண்டே இருந்ததை எட்டிப் பார்த்தேன்.

பேச்சில் நம்ம பக்கம் தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். திருமலைராயன்பட்டினம் என்றார். பட்டினம் என்போம், எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். மீன்பிடிக் குடும்பம், அண்ணன் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். புதுச்சேரியில் விடுதியில் தங்கி, சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாகப்பட்டினம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொண்டு நாங்கள் திரும்புவதும் பெரும்பாலும் அதே பஸ்ஸாக இருந்தது. மேடம் என்று கூப்பிடுவது நின்றுபோனது. அவர் என்னை அக்கா என்றார்.

ஒரு சனிக்கிழமை, வழக்கமான படங்களோடு கூடுதலாக எடுத்தார்களே அது என்ன என்று பஸ்ஸில் கேட்டேன். ஸ்கேன் பார்க்கிற டாக்டர் இளைஞர். மார்புக் கட்டியோடு வருகிற எல்லோருக்கும் அந்தப் படத்தையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அப்போது அது புதிது.

"நம்ம உடம்புல எங்க பாத்தாலும் தண்ணி இருக்குக்கா. அது சும்மா இருக்காது, அசைஞ்சுக்கிட்டே இருக்கும். கட்டிக்குள்ள செல்லெல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கறதால தண்ணிக்கு நகர எடமில்ல. மருந்து கேட்டு செல்லு செத்துப்போச்சுன்னா எடம் கெடைக்கும், தண்ணி நகரும். எவ்வளவு நகருதுங்கறத எண்ணா எடுக்கலாம். கட்டி சுருங்கறதுக்கு முந்தியே அந்த எண் ஏறும்னு சொல்றாங்க."

மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிற அன்று காரைக்கால் தெருவில் கூட்டம் காலெடுத்து வைக்க முடியாமல் நிற்பது நினைவுக்கு வந்தது.

"எனக்கும் ஏறிடும்ல?" என்றேன்.

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். சுமுகமாகத்தான் சொன்னார். ஆனால் சிதம்பரம் வரை நான் அவரோடு பேசவில்லை.

இந்தக் குணம் எனக்கு மட்டும் காட்டியதல்ல. ஒரு ஞாயிறு பட்டினம் மார்க்கெட்டில் அவர் அம்மாவிடம் மீன் வாங்கப் போனேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து செதில் உரசிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா வந்து வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னைக்கு வந்ததா?" என்றார்.

"இப்பத்தான் படகு கரைக்கு வந்துச்சு, வேணும்னா செவுளப் பாரு" என்றார் தாய்.

மகள் தலை நிமிராமல், "அந்தப் பக்கம் உள்ளது இன்னைக்கு வந்தது. நீங்க தூக்கினது நேத்து ஐஸ்ல இருந்ததுங்க" என்றார்.

"இவள வச்சுக்கிட்டு ஒரு யாவாரம் பண்ண முடியுதா பாருங்க" என்று தாய் என்னிடம் முறையிட்டார். "பொண்ணு பாக்க வந்தவன்கிட்டயும் இப்படித்தான். அக்கம்பக்கத்துல எல்லாரும் முப்பதுன்னு சொல்லி வச்சிருக்கோம், இவ போயி முப்பத்தி மூணுங்கறா. வந்தவன் காப்பியக்கூட முழுசாக் குடிக்கல."

"பொறந்த சர்டிபிகேட் அக்கா ஆபீஸ்லதான இருக்கு. கேட்டா எடுத்துக் குடுத்துடப் போறாங்க" என்றார் இவர். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். கட்டி கண்ட பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

இரண்டு தடவை மருந்து ஏறியதும் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முடி முழுக்கக் கொட்டியிருந்தது. எனக்கு அன்று சளி, நெஞ்சில் கரகரப்பு. அடக்கி அடக்கிப் பார்த்தும் இருமிவிட்டேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். எடுத்து முடித்து அனுப்பினார்கள்.

மறுநாள் டாக்டரம்மா இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மொதல்ல நாப்பத்தோரு மில்லிமீட்டர் இருந்துச்சு. இப்ப நாப்பத்திரெண்டு. தொட்டுப் பாத்தாலும் எனக்குக் குறைஞ்ச மாதிரி தெரியல. தண்ணி அசையற எண்ணும் அப்பிடியே புள்ளி ஒம்பதுலயே நிக்குது. மருந்து கேக்கலம்மா. இதுக்கு மேல காலத்தக் கடத்த வேணாம். மார்ப முழுசா எடுத்துடுவோம். வர்ற வியாழக்கெழம வந்து சேந்துடுங்க."

என் கணவர், "சரிங்கம்மா" என்றார். வேறென்ன சொல்வார்.

வெளியே வந்ததும் நேரே ஸ்கேன் அறைக்குப் போனேன். அவர் அடுத்த ஆளுக்குப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு என்னம்மா தோணுது? எல்லாம் நல்லபடியா ஆயிடுமா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடுவ?" என்று கேட்டுவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த துணியை மடித்தார். இனி இந்தப் பெண் முகத்தில் விழிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் கணவர் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கேன் பெண் தன் அண்ணனுடைய மொபெட்டில் வந்து இறங்கினார். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றார்.

"நாளைக்கு நீங்க மறுபடி வரணும்க்கா. படம் சரியா வரல. அந்தத் தண்ணிப் படம் மட்டும் திரும்ப எடுக்கணும். ஊசி கெடையாது. கொஞ்ச நேரந்தான்."

என் கணவர் கையில் சொம்போடு நிமிர்ந்தார். "என்னம்மா இது? அறிக்கை குடுத்து, ஆபரேஷனுக்கு நாளும் குறிச்சாச்சு. இப்ப வந்து படம் சரியில்லங்கறீங்க. அப்ப எடுத்தது தப்பா?"

"ஆமா சார். நான் எடுத்தது தப்பு."

அப்படி ஒரு பதிலை என் கணவர் எதிர்பார்க்கவில்லை. தகராறு செய்ய நினைத்தவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அக்கா இருமினாங்க. படம் கலங்கியிருக்கு. வெளிய கூட்டம் நின்னுச்சுன்னு நான் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த எண்ணை வச்சுத்தான் டாக்டரம்மாவும் முடிவு பண்ணியிருக்காங்க. அதான் வந்தேன்."

"நல்லதா இருக்குமா?" என்றேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் தலையசைத்தார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நடந்தது என்ன என்று ஸ்கேன் டாக்டர் வாயாலேயே பிறகு கேட்டேன். என் முகம் மனதில் உறுத்தியதாலோ என்னவோ, சனிக்கிழமை ஆளில்லாத நேரத்தில் இந்தப் பெண் என் இரண்டு படங்களையும் திறந்து வைத்துப் பார்த்திருக்கிறார். அது அவர் வேலையே இல்லை. கட்டிக்குள் ஒரு வட்டம் போட்டுத்தான் அந்த எண்ணை எடுப்பார்கள். இருமலில் படம் கலங்கி நகர்ந்ததால் வட்டம் ஓரத்துக்குப் போய், சுற்றியிருந்த கொழுப்பையும் சேர்த்து அளந்திருந்தது. கொழுப்பு சேர்ந்தால் எண் தாழும், கலங்கல் ஏற்றியும் காட்டுமாம்; மொத்தத்தில் தப்பு எந்தப் பக்கம் என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அறிக்கை போய்விட்டதே, இப்போது போய் என்ன சொல்வது என்று டாக்டர் தயங்கியிருக்கிறார்.

"கதவாண்டயே நின்னாங்கம்மா. 'சார், நான் நல்லா வந்திருக்குன்னு கையெழுத்துப் போட்ட படம் நல்லா வரல. எம்மேல எழுதி அனுப்புங்க, ஆனா திரும்ப எடுத்துடுவோம்'னாங்க. அப்புறம் நான் என்ன சொல்ல முடியும்? வட்டம் போட்டது நான்" என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை காலை பட்டினத்தில் பஸ் ஏறினோம். கணவர் முன் சீட்டில். நானும் அவரும் பின்னால். காரைக்கால் தாண்டியதும், அன்று வராந்தாவில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சுனாமி வந்தன்னைக்கு எந் தம்பி கரையில வலை பிரிச்சுக்கிட்டு இருந்தான். மறுநா ஒருத்தர் வந்து, ஒந் தம்பிய நாகூர்ல பாத்தேன், கையில கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்னாரு. எங்கம்மா அழுகைய நிறுத்திட்டாங்க. நாங்களும் தேட வேண்டிய எடத்துல தேடல. நாகூர், நாகப்பட்டினம்னு ஆஸ்பத்திரியா அலைஞ்சோம். எட்டு நாளு வேளாவேளைக்கு அவனுக்குன்னு சோறு எடுத்து வச்சாங்க அம்மா. அதுக்குள்ள இங்க கெடைச்சவங்கள எல்லாம் சேத்துப் பொதைச்சுட்டாங்க. பிற்பாடு அந்த ஆளப் புடிச்சுக் கேட்டோம். பாக்கலயாம். ஒங்கம்மா அழுதது தாங்கல, அதான் சொன்னேன்னாரு."

தரங்கம்பாடி நிறுத்தத்தில் ஆட்கள் ஏறினார்கள். அவர் மடியிலிருந்த பையை நகர்த்தி ஒரு கிழவிக்கு இடம் கொடுத்தார்.

"அவரு நல்லவருதான்க்கா. கெட்ட எண்ணம் கெடையாது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஸ்கேன் அறையில் மறுபடி குப்புறப் படுத்தேன். ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார். உள்ளே போனதும் ஒலிபெருக்கியில் குரல் வந்தது: "இருமல் வந்தா பந்த அமுக்குங்கக்கா. நிறுத்திட்டு மொதல்லேருந்து எடுக்கலாம். வெளிய யாரு நின்னாலும் நிக்கட்டும்."

இரண்டு முறை அமுக்கினேன். இரண்டு முறையும் நிறுத்தினார், வெளியே இழுத்தார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி படுக்க வைத்தார். மூன்றாவது முறை அந்தத் தடதடச் சத்தம் முழுசாக ஓடி ஓய்ந்தது.

கண்ணாடிக்கு அப்பால் டாக்டர் வட்டம் போட்டார். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டு, தான் எடுத்த எண்ணைச் சொல்லாமல் அவரையும் போடச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் அங்கே இருந்தார்.

"ஒண்ணு புள்ளி நாலு" என்றார் ஸ்கேன் டாக்டர். "ரெண்டு பேரு தனித்தனியா எடுத்தும் அதேதான் வருது. கட்டி வெளியில சுருங்கல. ஆனா உள்ள இருக்கறது பெரும்பாலும் செத்திருக்குன்னு நெனைக்கறேன்."

டாக்டரம்மா பழைய அறிக்கையை எடுத்து எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது புது விஷயம். இத மட்டும் நம்பி எல்லாத்தையும் முடிவு பண்ண மாட்டேன். ஆனா மருந்து கேக்கலன்னும் இனிமே சொல்ல முடியாது. வியாழக்கெழம ஆபரேஷன் வேணாம். இன்னொரு தடவை மருந்து ஏத்திப் பாக்கலாம்."

என் கணவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மருந்துக்குப் பிறகு, குளிக்கும்போது எனக்கே தெரிந்தது. விரலுக்குத் தட்டுப்பட்ட விளிம்பு நழுவத் தொடங்கியிருந்தது. அடுத்த படத்தில் முப்பதுக்குக் கீழே. எல்லா மருந்தும் முடிந்தபோது பன்னிரண்டு. கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுத்துத் தைத்தார்கள். மார்பு என்னிடமே இருந்தது. கதிர் வைத்தியம் பாக்கி. ஆனால் அதற்கு முன்பு, எடுத்த சதையைச் சோதித்த முடிவு வர வேண்டும்.

அதை வாங்கப் போனது ஒரு சனிக்கிழமை. டாக்டரம்மா படித்துவிட்டு, "உயிரோட புத்துச் செல்லு ஒண்ணுகூடத் தென்படலம்மா. இதவிட நல்ல முடிவு நான் கேக்க முடியாது" என்றார். நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை.

காகிதத்தை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தோம். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை, பின்பக்கத்தையும் திருப்பி, நின்றபடியே படித்தார். மடித்து என் கையில் வைத்தார். "எனக்குப் பசிக்குதுக்கா. காலையிலேருந்து ஒண்ணும் எறங்கல" என்றார்.

மூவரும் கேன்டீனுக்குப் போனோம். அவர் பொங்கல் சாப்பிட்டு, மேலே இரண்டு தோசையும் சாப்பிட்டார். நெடுநாளாக எனக்குள் இருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்தியே, எண் ஏறியிருக்கும்னு ஒனக்குத் தெரிஞ்சுதான வந்த?"

"இல்லக்கா."

"ஒரு சந்தேகமாவது இருந்திருக்கும்ல?"

"கொழுப்பு சேந்திருக்குன்னுதான் தெரியும். படமும் கலங்கியிருந்துச்சு, சரியா எடுத்தாலும் அதே எண்ணு வந்திருக்கலாம். இன்னும் எறங்கியும் இருந்திருக்கலாம்."

கையில் எடுத்த காப்பித் தம்ளரை நான் கீழே வைத்துவிட்டேன். அந்த வாசற்படியில் அவர் என்ன சுமந்துகொண்டு நின்றார் என்று அன்றுதான் புரிந்தது. நல்ல செய்தியோடு வந்தவர் இல்லை அவர். வந்தது ஒரு தப்பைச் சொல்ல. அதன் மறுபக்கம் எதுவாகவும் இருந்திருக்கலாம். அதையும் அவரே வந்து, அதே குரலில், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

"ஆறிப்போவுது, குடிங்க" என்றார்.

மாலையில் மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கடலூர் பாலம் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் விட்டு விட்டுத் தூங்கியவள், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் என்று ஊர் ஊராகக் கடந்ததே தெரியாமல் அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். நடுவில் என் கணவர் எழுப்பப் பார்த்ததாகவும், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டியதாகவும் பிறகு தெரிந்தது.

பட்டினத்தில் இறங்கியதும்தான் எனக்கு முழு விழிப்பு வந்தது. முளைக்கத் தொடங்கியிருந்த என் முடியைத் தடவிவிட்டுக்கொண்டு, "இவ்வளவு நேரம் சாஞ்சிருந்தேனே. தோள் வலிச்சிருக்குமேம்மா" என்றேன்.

"ஆமாக்கா, சீர்காழியிலயே மரத்துப்போச்சு" என்று சொல்லி, கையை உதறிக்கொண்டே தெருவுக்குள் நடந்தார்.